நாலரைக்கு எழுந்தால் வீடு தானாக நடக்குமா?

வீட்டு வேலைக்கு அட்டவணை போடும் ஆசை ஜனவரியில் ஒரு தடவை வரும், பள்ளி திறக்கும் ஜூனில் இன்னொரு தடவை வரும். கலர் பேனாவில் எழுதி ஒட்டிய தாள் ஆடி பிறப்பதற்குள் கிழிந்துவிடும். ‘எனக்குத்தான் ஒழுங்கு பத்தாது’ என்று வீட்டுப் பெண் தன்னையே நொந்துகொள்வாள். விருந்தாளி வராத, மோட்டார் ரிப்பேர் ஆகாத, பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்காத ஒரு நாளுக்காக எழுதிய அட்டவணை அது. அப்படி ஒரு நாள் எந்த வீட்டிலும் விடிவதில்லை. இப்படிப்பட்ட அட்டவணைக்குத் துணைபோகும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: காலை நாலரைக்கு எழுந்தால் எல்லா வேலையும் முடிந்துவிடும்.

உண்மை: பெரியவர்களுக்கு இரவில் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்புகள் இரண்டு 2015-இல் சேர்ந்து பரிந்துரைத்தன. நாலரைக்கு எழ வேண்டுமானால் ஒன்பதரைக்குக் கண் அயர்ந்திருக்க வேண்டும். டியூஷன் முடிந்து பையன் ஒன்பது மணிக்கு வருகிற வீட்டில் கடைசி தோசை வார்ப்பதே ஒன்பதே முக்காலுக்கு. பிறகு சிங்க்கில் கிடக்கும் பாத்திரம், மறுநாள் மதியத்துக்கு ஊறவைக்கும் கொண்டைக்கடலை. இந்த வீட்டில் அதிகாலை எழுவது என்றால் தூக்கத்தில் கைவைப்பது என்றே அர்த்தம். ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வருகிற தெருவில் வேறு வழியில்லை, எழத்தான் வேண்டும். மற்றவர்கள் காலையை விட்டுவிட்டு இரவுச் சாப்பாட்டை அரை மணி முன்னால் நகர்த்த முடிகிறதா என்று பார்க்கலாம். காலைப் பரபரப்பில் பாதி முந்தின இரவின் பாக்கிதான்.

நம்பிக்கை: மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாம் வந்த பிறகு வீட்டில் என்ன பெரிய வேலை?

உண்மை: இதைச் சொல்லாத மாமியார் குறைவு, மருமகன்களும் சொல்கிறார்கள். ஜோன் வானெக் என்ற ஆய்வாளர் 1974-இல் அமெரிக்கக் கணக்கு ஒன்றை வெளியிட்டார். 1920-களில் முழுநேர இல்லத்தரசிகள் வாரத்துக்குச் சுமார் 52 மணி நேரம் வீட்டு வேலை செய்தார்கள். மெஷின்கள் வீடு நிறைய வந்துவிட்ட 1960-களில் அது 55 ஆனது. வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-இல் வந்த தன் நூலில் காரணத்தை விளக்கினார். மெஷின் உடல் பாரத்தைக் குறைத்தது. கூடவே சுத்தத்தின் அளவுகோலை உயர்த்தியது. முன்பு வெளியாட்கள் செய்த வேலையையும் வீட்டுக்குள் கொண்டுவந்தது. நம் ஊரில் சலவைக்குப் போன துணி இப்போது வீட்டிலேயே துவைத்து, கொடியில் போட்டு, மழை வந்தால் ஓடிப்போய் எடுத்து, மடித்து, ஆளுக்கு ஆள் பீரோவில் அடுக்கப்படுகிறது. மெஷின் செய்வது அதில் ஒரு வேலை மட்டும்.

இட்லி மாவை எடுத்துக்கொள்வோம். கிரைண்டரில் கல் சுற்றும் நேரத்தில் நாம் சும்மா உட்காரலாம், சரி. ஆனால் மதியமே அரிசியும் உளுந்தும் ஊறப்போட ஞாபகம் வர வேண்டும். உளுந்து அரைபடும்போது இடையிடையே தண்ணீர் தெளிக்க வேண்டும், பொங்கி வந்ததும் வழிக்க வேண்டும். அப்புறம் அரிசி. உப்புப் போட்டுக் கையால் கரைத்து, பொங்கி வழியாத பாத்திரமாகப் பார்த்து ஊற்றி வைக்க வேண்டும். கல்லைத் தூக்கிக் கழுவுவது தனி. காலையில் புளித்திருக்கிறதா என்று பார்த்து ஃபிரிட்ஜுக்குள் தள்ள வேண்டும். கை படும் நேரம் கூட்டினால் ஒரு மணி நேரம்கூட வராது. மனம் அதிலேயே இருப்பதோ மதியத்திலிருந்து மறுநாள் காலை வரை. அட்டவணையில் ‘மாவு அரைத்தல், மாலை 6’ என்று எழுதி வைத்தால், ஊறப்போட மறந்த அன்று முழுத் திட்டமும் சரிந்துவிடும். ஆறு மணியை அழித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுத் தட்டு கழுவும்போதே ஊறப்போடுவது என்று வைத்துக்கொள்வது மேல். கடிகாரத்தைவிட ஏற்கெனவே தவறாமல் நடக்கிற ஒரு வேலை நல்ல ஞாபகக்காரன்.

நம்பிக்கை: சொன்னால் நானும் செய்வேனே, அவள் சொல்வதே இல்லை.

உண்மை: சொல்வதும் ஒரு வேலை. மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2024-இல், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 88 நிமிடம். அதுவும் அன்று ஏதாவது செய்த ஆண்களின் சராசரிதான். எதையும் தொடாதவர்கள் அதில் வரவே மாட்டார்கள். சிலிண்டர் தீரப்போகிறதா, தண்ணீர் கேன் எத்தனை இருக்கிறது, யூனிஃபார்ம் காய்ந்ததா என்று மனதுக்குள் ஓடும் கணக்கு நிமிடங்களில் அடங்காது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் இல்லத்தரசிக்கும் பங்கு உண்டு என்றபோது, விடுமுறையில்லாத இந்த உழைப்பைத்தான் எடுத்துச் சொன்னது.

ஆகவே, வேலையைத் துண்டு துண்டாகக் கொடுக்காமல் கணவரிடம் முழுசாக ஒப்படையுங்கள். கேஸ் என்றால் சிலிண்டரை அசைத்துப் பார்ப்பது, புக் செய்வது, வரும் அன்று ஆள் இருக்க ஏற்பாடு செய்வது, டியூபை மாற்றுவது எல்லாம் அவருடையது. முதல் மாதம் நடுச் சமையலில் ஒரு நாள் அடுப்பு அணையும். அணையட்டும்.

நம்பிக்கை: 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும், ஒரு நாள் தவறினால் மறுபடி முதலிலிருந்து.

உண்மை: இந்த 21 எங்கிருந்து வந்தது? மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் 1960-இல் எழுதிய புத்தகத்திலிருந்து. முகம் மாறிய நோயாளிகள் அதற்குப் பழக குறைந்தபட்சம் அவ்வளவு நாள் ஆகிறது என்று அவர் தன் அனுபவத்தில் கண்டதைச் சொன்னார். ‘குறைந்தபட்சம்’ உதிர்ந்துபோய் எண் மட்டும் ஊர் சுற்றுகிறது. லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில் சராசரி 66 நாள் வந்தது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை வேறுபட்டது. ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. சிங்க்கைக் காலியாக்காமல் ஒரு ராத்திரி தூங்கிவிட்டீர்களா? நாளைக்குத் தேய்க்கலாம்.

நம்பிக்கை: மிச்சத்தையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் முடித்துவிடலாம்.

உண்மை: கறி எடுக்கும் நாளும் அதுதான், உறவினர் எட்டிப்பார்க்கும் நாளும் அதுதான். 1994-இல் வெளியான ஒரு கனடா ஆய்வில், ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள்; ஆனது 55. எல்லாமே தப்பாகப் போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்கும் 49-தான் சொல்லியிருந்தார்கள். ஞாயிறு காலை காபியோடு நாம் எழுதும் பட்டியல் இதே ரகம். பாதியை அடித்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஒரே நாளில் மூன்று நாளைக்குச் சமைப்பவர்களுக்கு ஒன்று. சூடாக வைத்தால் ஃபிரிட்ஜ் கெட்டுவிடும் என்று ராத்திரி வரை குழம்பை மேடையில் ஆறவிடுவது தப்பு. சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் சித்திரை வெயிலில் அதுவே அதிகம். அகலப் பாத்திரங்களில் பிரித்து ஊற்றினால் சீக்கிரம் ஆறும்.

நம்பிக்கை: நம் வீட்டை நாமே திட்டம் போட்டுச் சரிசெய்துகொள்ளலாம்.

உண்மை: ஓரளவுதான். நம் நேரத்தில் பெரும்பகுதி தண்ணீர் லாரி, ஸ்கூல் வேன், ஷிஃப்ட் பஸ் ஆகியவற்றின் கையில் இருக்கிறது. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று பள்ளியிலேயே பரிமாறுகிறது. விடிந்ததும் கூலி வேலைக்கு ஓடும் தாய்க்கு அது செய்த உதவியை எந்த அட்டவணையும் செய்திருக்காது. நம் வீட்டுப் பாத்திரம் தேய்க்க வருகிறவருக்கும் வீடு உண்டு. அங்கே சோறு வடித்து, குடம் நிரப்பி வைத்துவிட்டுத்தான் நம் வாசலுக்கு வருகிறார். அவருக்கு வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை என்பதையும் அட்டவணையில் எழுதிக்கொள்ளுங்கள். அன்று பாத்திரம் யார் தேய்ப்பது என்று, பெயர் போட்டு.