உண்டியல் பணமும் ஐ.நா. பட்டியலும்: ஒரு பாடம்

நன்கொடை கொடுக்கப் போனால் பான் எண் கேட்கிறார்கள். வளைகுடாவிலிருந்து மகன் பணம் அனுப்பினால் எதற்காக என்று வங்கியில் கேட்கிறார்கள். நம்மைப் பார்த்துத்தான் இப்படியெல்லாம் கேட்கிறார்களோ என்று நம் வீடுகளில் சிலர் மனம் நோவதுண்டு. இந்தக் கேள்விகள் எல்லோருக்கும் பொதுவானவைதான். ஆனால் இவற்றுக்குப் பின்னால் உள்ள வரலாற்றில் அநியாயங்களும் நடந்திருக்கின்றன. இரண்டையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பயங்கரவாதிக்குப் பணம் வேண்டும். அந்தப் பணம் எல்லை தாண்டி வரும். ஒரு நாடு மட்டும் கதவடைத்துப் பயனில்லை. அதனால்தான் 1999இல் ஐ.நா. பொதுச்சபை பயங்கரவாதத்துக்கு நிதி கொடுப்பதைக் குற்றமாக்கும் உடன்படிக்கையை ஏற்றது. அதே ஆண்டு அக்டோபரில் பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 1267ஆம் தீர்மானத்திலிருந்து ஒரு பட்டியல் முறை வளர்ந்தது. அந்தப் பட்டியலில் ஒருவர் பெயர் ஏறிவிட்டால், அவருடைய கணக்கை எல்லா நாடுகளும் முடக்க வேண்டும். பயணமும் செய்ய முடியாது. நியூயார்க் தாக்குதலுக்குப் பின், 2001 செப்டம்பர் 28 அன்று வந்த 1373ஆம் தீர்மானம், பயங்கரவாத நிதியைத் தடுப்பதை எல்லா நாடுகளுக்கும் கட்டாயமாக்கியது.

நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. நடைமுறையில்தான் சிக்கல். பெயரைச் சேர்க்கலாமா என்று முடிவு செய்வது பாதுகாப்பு அவை உறுப்பினர்கள் அடங்கிய ஒரு குழு. அங்கே விசாரணை கிடையாது, வக்கீல் கிடையாது. என்ன ஆதாரம் என்று கேட்கவும் அன்று வழி இருக்கவில்லை.

சோமாலியாவைப் பாருங்கள். 1991இல் அரசு சிதைந்த பிறகு அங்கே ஒழுங்கான வங்கி இல்லை. வெளிநாட்டில் உழைத்தவர்கள் 'அல் பரகாத்' என்ற நிறுவனம் வழியாக ஊருக்குப் பணம் அனுப்பினார்கள். நம் பக்கத்தில் உண்டியல் என்கிறோமே, ஏறக்குறைய அதைப் போன்றது. 2001 நவம்பரில் அமெரிக்கா அதை மூடியது, உடனே ஐ.நா. பட்டியலிலும் அது ஏறியது. எத்தனையோ வீடுகளில் அடுப்பெரியக் காரணமான பணவழி ஒரே நாளில் அடைபட்டது. சுவீடனில் குடியுரிமை பெற்று வாழ்ந்த சோமாலியர் மூவரின் பெயரும் சேர்ந்தது. சுவீடன் மக்கள் அவர்களுக்காக வசூல் செய்து கொடுத்தார்கள். 2002 ஆகஸ்டில் இருவரின் பெயர் நீக்கப்பட்டது. அந்த நிறுவனம் பயங்கரவாதத்துக்கு நிதி அளித்தது நிரூபிக்கப்படவில்லை என்பதை அமெரிக்காவின் 9/11 ஆணைய ஆய்வுக் குழுவே பின்னர் பதிவு செய்தது.

இது எப்படித் திருந்தியது? நீதிமன்றத்தால். யாசின் அப்துல்லாஹ் காதி என்ற சவூதி வணிகரும் அல் பரகாத்தின் சுவீடன் அமைப்பும் தொடுத்த வழக்கில், 2008 செப்டம்பர் 3 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐ.நா. பட்டியல் என்றாலும், ஐரோப்பாவில் அதை அமல்படுத்தும்போது பாதிக்கப்பட்டவர் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்றது. அதற்கு அடுத்த ஆண்டு டிசம்பரில் பாதுகாப்பு அவை, பெயர் நீக்கக் கோரும் மனுக்களை விசாரிக்கத் தனிக் குறைகேள் அதிகாரி பதவியை உருவாக்கியது. காதியின் பெயர் 2012இல் அந்த வழியாகவே நீங்கியது. ஐ.நா.வின் மற்ற தடைப் பட்டியல்களுக்கு இந்த அதிகாரி இல்லை என்பது இன்றும் பெரிய குறை.

அறக்கட்டளைகளின் கதையும் இதே போலத்தான். பாரிசைத் தலைமையிடமாகக் கொண்ட எஃப்.ஏ.டி.எஃப். என்ற பன்னாட்டு அமைப்புதான் நிதி விதிகளை வகுக்கிறது. 2001இல் அது, தொண்டு நிறுவனங்கள் பயங்கரவாதிகளின் கைக்கு மிக எளிதில் இரையாகக்கூடியவை என்று பொதுவாக எழுதி வைத்தது. அதைக் காரணம் காட்டி, ஏன் வம்பு என்று வங்கிகள் அறக்கட்டளைக் கணக்குகளை மூடின. 2016இல் அந்த வாசகம் நீக்கப்பட்டது. எல்லோரையும் ஒரே கண்ணால் பார்க்காமல், ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் கவனம் வை என்பது இப்போதைய விதி.

ஆனால் ஆபத்தே இல்லை என்றும் சொல்லிவிடக் கூடாது. மும்பையில் 2008 நவம்பரில் நடந்த படுகொலைக்குப் பிறகு, நிவாரண அமைப்பு என்று சொல்லிக்கொண்ட ஜமாத்-உத்-தஅவா, லஷ்கரே தொய்பாவின் மறுபெயர் என்று ஐ.நா. பட்டியலில் ஏற்றப்பட்டது. 2022 டிசம்பரில், மனிதாபிமான உதவிக்குச் சொத்து முடக்கத்திலிருந்து விலக்கு தரும் 2664ஆம் தீர்மானம் வந்தபோது இந்தியா மட்டும் வாக்களிக்காமல் ஒதுங்கியது இந்த அனுபவத்தால்தான். பசித்தவனுக்குப் போகும் சோற்றைத் தடுக்கக் கூடாது என்பதால் தீர்மானம் சரி என்பதே நம் எண்ணம். என்றாலும் இந்தியாவின் அச்சத்தில் காரணமில்லாமல் இல்லை.

2010இல் இந்தியா எஃப்.ஏ.டி.எஃப். உறுப்பினரானது. நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை சில. ஜகாத்தோ ஸதகாவோ, எந்த அமைப்புக்குக் கொடுத்தாலும் ரசீது வாங்குங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 80ஜி வரிச்சலுகை இல்லை. பணத்தை உண்டியலில் அனுப்பாதீர்கள். அது சட்டவிரோதம் மட்டுமல்ல, நாளைக்கு விசாரணை வந்தால் கையில் ஒரு துண்டுத் தாளும் இருக்காது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் மகன் துபாயிலிருந்து தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அறக்கட்டளைக்கு அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டால் ஆகிவிடும், எஃப்.சி.ஆர்.ஏ. பதிவோ முன் அனுமதியோ இல்லாத அறக்கட்டளை அதை வாங்க முடியாது. ஆகவே அனுப்புவதற்கு முன் அறக்கட்டளை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.