அமெரிக்கத் திரையும் அந்நாட்டு மக்கள் முகங்களும்

கலை காலத்தின் கண்ணாடி என்னும் தொடரைக் கரும்பலகையில் எழுதாத தமிழாசிரியர் அரியர். நாமும் ஆண்டுதோறும் எழுதி வந்தோம். உயர்தர வகுப்பு மாணவர் சிலருடன் ஒருநாள் பழைய அமெரிக்கப் படமொன்று பார்க்க நேர்ந்தது. 1956ஆம் ஆண்டில் ஜோன் போர்ட் இயக்க, ஜோன் வெயின் நடித்த ‘த சேர்ச்சர்ஸ்’ என்பது அது. பாலைநிலமும் குதிரையும் துவக்கும் நிறைந்த வீரக்கதை. படம் முடிந்ததும் ஒரு மாணவன் எழுந்து, “சேர், அந்தக் கோமாஞ்சித் தலைவன்ரை கண் ஏன் நீலமாய்க் கிடக்கு?” என்று கேட்டான். வகுப்பு நகைத்தது. எமக்கு நகைப்பு எழவில்லை.

விடை எளிது. கோமாஞ்சி என்பது அமெரிக்க ஆதிக்குடிகளுள் ஒன்று. அக்குடித் தலைவனாக வேடம் பூண்ட ஹென்றி பிரண்டன் என்பார் ஜேர்மனியின் பேர்லின் நகரிற் பிறந்த வெள்ளையர். அவர் பின்னே குதிரையேறி வந்து வீழ்ந்து மடிந்தோரோ, படம் பிடிக்கப்பட்ட நிலத்துக்கே உரிய நவஹோ குடியினர். பெயரும் பேச்சும் உடைய தலைவன் வெள்ளையன். பெயரின்றி மடிவோர் மண்ணுக்குரியோர். இது கண்ணாடியாயின் எதன் கண்ணாடி? ஆதிக்குடிகளின் வாழ்வை இப்படத்திற் காண்பது அரிது. அவர்களைப் பிறர் எவ்வாறு காண விரும்பினர் என்பதையே தெளிவாகக் காணலாம். ஆதலின், அமெரிக்கப் படங்களைக் கற்பார் கதையைப் படிப்பதோடமையாது, எவர் முகத்தை எவர் அணிந்தார் என்பதையும் படித்தல் வேண்டும்.

1927ஆம் ஆண்டு ஒக்டோபர் 6ஆந் திகதி நியூ யோர்க்கில் முதன்முதற் காட்டப்பட்ட ‘த ஜாஸ் சிங்கர்’ என்னும் படம், கதைமாந்தரின் குரல் ஒலித்த முதல் முழுநீளப் படம் எனப் போற்றப்படுவது. யூத ஆலயப் பாடகர் ஒருவரின் மகன், தந்தையின் வழியை நீங்கி மேடைப் பாடகனாகின்றான். ஜேக்கி ரபினோவிற்ஸ் என்ற பெயரையும் ஜாக் றொபின் என மாற்றிக்கொள்கின்றான். அவ்வேடத்தில் நடித்த அல் ஜோல்சனும் லித்துவேனியாவிற் பிறந்து குடியேறிய யூதர். அவர் தந்தையாரும் ஆலயப் பாடகரே. குடியேறி வந்தோர் தம் கதையைத் தாமே சொன்ன படம் இது என மகிழலாம். ஆயின் அம்மகன் மேடையில் வெற்றி பெறுங்கால் முகத்திற் கரி பூசிக் கறுப்பின மனிதனாகத் தோன்றுகின்றான்! புதிதாய் வந்தவன் அமெரிக்கனாவதற்கு, முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அம்மண்ணிற் கொணரப்பட்டும் சமனாக ஏற்கப்படாத மக்களின் முகம் வேடமாய்ப் பயன்பட்டது. இதனை நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

அம்மக்கள் தம் முகத்தைத் தாமே காட்ட முயலாமலில்லை. 1915ஆம் ஆண்டில் வெளிவந்த ‘த பேர்த் ஒவ் எ நேஷன்’ கறுப்பின மக்களைக் கொடியோராகவும், முகமூடியிட்டு அவர்களை வேட்டையாடிய கூட்டத்தாரை வீரராகவும் காட்டியது. அக்கூட்டம் அவ்வாண்டிலேயே மீண்டும் உயிர்பெற்றது. ஒஸ்கார் மிஷோ என்னுங் கறுப்பின இயக்குநர் 1920ஆம் ஆண்டில் ‘விதின் அவர் கேற்ஸ்’ என்னும் படத்தை எடுத்து, வழக்கு விசாரணையின்றிக் கும்பல் மனிதரைக் கொல்லுங் கொடுமையைக் கொல்லப்படுவோர் பக்கமிருந்து காட்டினார். முன்னைய படம் வெள்ளை மாளிகையிலே திரையிடப்பட்டது. பின்னையது பல்லாண்டு காணாமற்போய், ஸ்பெயின் நாட்டிற் கிடைத்த பிரதியாலே மீண்டது.

அன்னா மே வோங் என்பாரின் கதை வேறு வகையானது. 1905ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்சலிசிற் பிறந்த சீன வம்சாவளி அமெரிக்கர் அவர். சீனக் குடியானவர் வாழ்வைக் கூறும் ‘த குட் ஏர்த்’ 1937ஆம் ஆண்டிற் படமாயிற்று. நாயகியாக அவர் நடிப்பதே இயல்பென எவரும் கருதுவர். ஆனால் நாயகன் வேடம் போல் முனி என்னும் வெள்ளையருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான உறவைக் காட்டலாகாதென அக்காலத் திரைப்பட விதிக்கோவை தடுத்தது. நடைமுறையில் அத்தடை ஆசியர் மீதும் பாய்ந்தது. சீனக் கணவனாக நடிப்பவர் வெள்ளையராயின், சீன மனைவியாக நடிப்பவரும் வெள்ளையராதல் வேண்டுமாம்! அவ்வேடம் லூயிஸ் ரெயினருக்குச் சென்றது. ஒஸ்கார் விருதும் அவருக்கே கிடைத்தது. 2022ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு தனது கால் டொலர் நாணயமொன்றில் அன்னா மே வோங்கின் முகத்தைப் பொறித்தது.

விருது பெற்றாலும் இருக்கை வேறு. ‘கோன் வித் த விண்ட்’ படத்திற் பணிப்பெண்ணாக நடித்த ஹற்றி மக்டனியல், ஒஸ்கார் பெற்ற முதற் கறுப்பினத்தவர். 1940ஆம் ஆண்டு பெப்ரவரி 29ஆந் திகதி நடந்த அவ்விழாவில், உடன் நடித்தோரின் மேசையை விட்டு விலகிய ஒரு சிறு மேசையிலேயே அவர் அமர்த்தப்பட்டார்.

நம் நாடும் இவ்வழக்கத்துக்குத் தப்பவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்டு ஹொலிவூட் 1954ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘எலிபண்ட் வோக்’ படத்தில் அப்புஹாமி என்னும் சிங்களப் பணியாளராக நடித்தவர், இரங்கூனிற் பிறந்த யூதரான ஏபிரகாம் சோபயர். நன்றாகவே நடித்தார், அதனையும் சொல்லவேண்டும்.

மாணவனின் வினாவுக்கு முழு விடையை 1998ஆம் ஆண்டின் ‘ஸ்மோக் சிக்னல்ஸ்’ படத்திலேயே கண்டோம். இயக்கியவர், எழுதியவர், முதன்மை வேடங்களில் நடித்தவர் யாவரும் ஆதிக்குடிகளே. இறந்த தந்தையின் சாம்பலைப் பெற்றுவர இளைஞர் இருவர் ஐடஹோவிலிருந்து அரிசோனாவுக்குப் பேருந்தில் ஏறுகின்றனர். வழியில் வெள்ளையர் இருவர் அவர்தம் இருக்கைகளைப் பிடித்துக்கொள்கின்றனர். இளைஞர் சண்டையிடாது பின்னே சென்றமர்ந்து, படங்களில் ஜோன் வெயினின் பற்களை எவராவது கண்டதுண்டா என வினவி, தம் மரபுத் தாளத்திலே அப்பற்களைப் பற்றிப் பாடத் தொடங்குகின்றனர். பேருந்து முழுவதும் அவர்களைத் திரும்பிப் பார்க்கின்றது.

அக்காட்சியை வகுப்பிற் காட்டினோம். நீலக் கண்ணைப் பற்றிக் கேட்டவன் ‘த சேர்ச்சர்ஸ்’ படத்தை மீண்டுமொருமுறை போடும்படி கேட்டான். ஜோன் வெயினின் பல்லைத் தேடவேண்டுமாம்.