கூந்தல் உதிர்வும் குருதிக் குறைவும்

தமிழில் தலைமயிருக்கு வழங்கும் பெயர்கள் பல. ஆடவர் தலைமயிரைக் குஞ்சி என்றும், மகளிர் தலைமயிரைக் கூந்தல், ஓதி, கதுப்பு, அளகம், குழல் என்றும் நூல்கள் வழங்கும். இவற்றுள் ஐம்பால் என்னும் சொல் எண்ணிப் பார்க்கத் தக்கது. முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என ஐந்து வகையாக முடிக்கப்படுவது பற்றி அப்பெயர் அமைந்தது என்பர். ஐந்து வகையாக முடிப்பதற்கு அடர்த்தி வேண்டும். இன்றோ ஒரு பின்னலுக்கே மயிர் போதவில்லை என்று வருந்தும் மாணவியர் பலர்.

இவ்வருத்தத்தை அழகுணர்ச்சி என்று ஒதுக்கிவிடுவது பெரியோர் பலருடைய வழக்கம். பெண் பார்க்க வருவோர் பின்னலின் பருமனையும் சேர்த்துப் பார்க்கும் நாட்டில், அப்படி ஒதுக்குவது நேர்மையாகாது. அதனினும் முதன்மையான காரணம் ஒன்று உண்டு. பெண்ணின் கூந்தல் மெலிவது பல நேரங்களில் அவள் உடலுக்குள் நிகழும் ஒரு பற்றாக்குறையின் வெளித்தோற்றம். அப்பற்றாக்குறையைத் தேடாமல் எண்ணெய்ப் புட்டிகளைத் தேடிச் செல்கிறோம் என்பதே இக்கட்டுரையின் குறை.

முதலில் மயிரின் இயல்பைக் காண்போம். மனிதத் தலையில் ஏறத்தாழ 1,00,000 மயிர்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு மயிர்க்காலிலிருந்து தோன்றி 2 முதல் 6 ஆண்டுகள் வரை வளர்கிறது, இது வளர்பருவம். பின்னர் இரண்டு மூன்று வாரம் இடைமாறும் பருவம். அதன்பின் ஏறத்தாழ மூன்று மாதம் ஓய்வுப் பருவம். ஓய்வு முடிந்ததும் பழைய மயிர் விழ, அதே இடத்தில் புதியது முளைக்கிறது. எந்த நேரத்திலும் நூற்றில் பத்து மயிர்கள் ஓய்வில் இருக்கும் என்று கொண்டால், 10,000 மயிர்கள் நூறு நாட்களுக்குள் விழ வேண்டும். அதாவது நாளொன்றுக்கு 100. ஆகவே நாள்தோறும் 100 மயிர் வரை உதிர்வது நோயன்று, கணக்கு. வாரம் இருமுறை தலை முழுகும் பெண்ணின் கையில் மூன்று நான்கு நாட்களின் கணக்கு ஒருசேர வருவதால், அவள் அஞ்சிவிடுகிறாள்.

இன்னோர் அச்சமும் உண்டு. உதிர்ந்த மயிரின் நுனியில் வெண்மையாக ஒரு சிறு முடிச்சு இருக்கும். அதைக் கண்டு, "வேரோடு போய்விட்டதே, இனி முளைக்காதே" என்று தாய்மார் கலங்குவர். அது வேரன்று. ஓய்வுப் பருவத்தில் மயிரின் அடிப்பகுதி திரண்டு குண்டாந்தடியின் தலை போல் ஆவதே அம்முடிச்சு. மயிர்க்கால் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. வெண்முடிச்சோடு விழும் மயிர் முறையாக ஓய்வு முடித்து விழும் மயிர். அதற்காக அழ வேண்டுவதில்லை.

இனி, நாளொன்றுக்கு 200, 300 என உதிரும் நிலைக்கு வருவோம். காய்ச்சல், பேறு, அறுவை, கடும் பட்டினி, பேரிழப்பு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று உடலைத் தாக்கும்போது, வளர்ந்துகொண்டிருக்கும் மயிர்களுள் பெரும்பகுதி ஒரே நேரத்தில் ஓய்வுக்குச் சென்றுவிடுகிறது. ஓய்வு மூன்று மாதம் நீள்வதால், உதிர்வும் இரண்டு மூன்று மாதம் கழித்தே தொடங்குகிறது. அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1961இல் இதனை விளக்கிப் பெயரிட்டார். இக்கால இடைவெளியை அறியாமையால் நேரும் குழப்பங்கள் கொஞ்சமல்ல. ஆடியில் டெங்குக் காய்ச்சலில் கிடந்தவள் ஐப்பசியில் மயிர் கொட்டும்போது, அண்மையில் மாற்றிய சோப்பின் மீதும், விடுதித் தண்ணீரின் மீதும் பழி சுமத்துகிறாள். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாத் தொற்றிலிருந்து மீண்ட பலருக்குச் சில மாதங்கள் கழித்துக் கொத்துக் கொத்தாக மயிர் உதிர்ந்ததும் இவ்வகையே. மணநாள் குறித்த பின் உடல் இளைக்க வேண்டி உணவைச் சுருக்கும் மணப்பெண்ணுக்கு, சரியாக மணமேடை ஏறும் வேளையில் கூந்தல் மெலிவதும் இக்கணக்கினால்தான். ஆதலால், உதிர்வு கண்ட பெண் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா, "மூன்று மாதத்துக்கு முன் எனக்கு என்ன நேர்ந்தது?" என்பதே.

அவ்வினாவுக்கு விடையாக எந்தக் காய்ச்சலும் பட்டினியும் நினைவுக்கு வராத பெண்களும் உள்ளனர். அவர்களிடம் பெரிதும் ஐயுற வேண்டியது இரும்புக் குறைவு. 2019-21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். தமிழ்நாட்டில் 53 விழுக்காட்டினர். அதே வயதுடைய ஆடவருள் நாடளவில் 25 விழுக்காட்டினரே. ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்ததை உண்போரிடையே இத்துணை வேறுபாடு ஏன்? மாதவிலக்கு ஒரு காரணம். ஒரு மில்லிலிட்டர் குருதியில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது; மாதந்தோறும் 30, 40 மில்லிலிட்டர் இழக்கும் பெண் 15 முதல் 20 மில்லிகிராம் இரும்பை இழக்கிறாள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த அளவின்படி ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் இரும்பு தேவை, பெண்ணுக்கு 29. தேவை அவளுக்கு மிகுதி. ஆனால் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் மாமனார் மாமியாருக்கும் பரிமாறிய பின் சட்டியில் எஞ்சியதை உண்பவளும் அவளே. கீரையும் மீனும் முட்டையும் முன்பந்தியில் தீர்ந்துவிட, அவளுக்கு வாய்ப்பது சோறும் குழம்பின் அடிமண்டியும். இதனைத் தியாகம் என்று புகழ்வோர், கூடவே அவள் மூச்சு வாங்குவதையும், நகம் வெளிறுவதையும் சற்று உற்றுப் பார்ப்பாராக.

மயிர்க்காலின் அணுக்கள் உடலில் மிக விரைந்து பெருகும் அணுக்களுள் அடங்கும். அணு பெருக இரும்பு வேண்டும், புரதம் வேண்டும். கையிருப்புக் குறைந்தால் உடல் சிக்கனம் செய்கிறது. இதயத்துக்கும் மூளைக்கும் கொடுத்துவிட்டு, மயிருக்குக் கொடுப்பதை நிறுத்துகிறது. கூந்தல் மெலிவு எல்லாவற்றுக்கும் இரும்புக் குறைவே காரணம் என்று ஆய்வாளர் அனைவரும் ஒப்பவில்லை. எனினும் தேடிப் பார்த்துத் திருத்த வேண்டிய குறை என்பதில் ஐயமில்லை. திருத்தினால் கூந்தலுக்கு மட்டுமன்றிக் கல்விக்கும் பின்வரும் மகப்பேற்றுக்கும் நன்மை.

ஹீமோகுளோபின் அளவு மட்டும் பார்த்து நிறுத்திவிடுதல் போதாது. கருவுறாத பெண்ணுக்கு அது 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. ஆனால் அது 12க்கு மேல் இருக்கும்போதே, உடலின் இரும்புக் களஞ்சியம் வற்றிப் போயிருக்கலாம். களஞ்சியத்தின் இருப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் என்னும் சோதனை. கல்லாவில் சில்லறை இருப்பதைக் கண்டு பெட்டகமும் நிறைந்திருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாதன்றோ!

உணவில் எதைச் சேர்ப்பது? ஆட்டு ஈரல், சுவரொட்டி, இறைச்சி, மீன் ஆகியவற்றிலுள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்கிறது. சோகை கண்ட பெண்ணுக்குச் சுவரொட்டி வாங்கிச் சமைத்துக் கொடுத்த நம் பாட்டிமாரின் வழக்கத்தில் பொருள் இருந்தது. கருவுற்ற மகளிர் மட்டும் ஈரலை மருத்துவரைக் கேட்டே உண்ணுதல் வேண்டும். அதில் வைட்டமின் ஏ மிகுதி. கீரை, கேழ்வரகு, கம்பு, பயறு, எள், பேரீச்சை இவற்றிலும் இரும்பு உண்டு. ஆயினும் தாவர இரும்பை உடல் ஏற்பது குறைவு. புளிப்புச் சத்தாகிய வைட்டமின் சி உடன் இருந்தால் அது கூடும். கீரையோடு எலுமிச்சைச் சாறு, சோற்றோடு ஒரு நெல்லிக்காய், உணவின் முடிவில் கொய்யாத்துண்டு ஆகியவை விலை குறைந்த மருந்துகள். பயற்றை முளைகட்டுவதும், மாவைப் புளிக்க வைப்பதும் இரும்பைப் பிணித்து வைக்கும் பொருளைக் குறைக்கும். இவ்வகையில் நம் இட்லி அறிவுடைய உணவே.

இவ்வளவும் செய்து, உண்ட கையோடு தேநீர் அருந்தினால் பயன் பாதிக்கு மேல் போய்விடும். தேயிலையின் துவர்ப்பொருள் இரும்பைப் பற்றிக்கொள்கிறது. தேநீரை விட்டொழிக்க வேண்டுவதில்லை. உணவுக்கும் அதற்கும் ஒரு மணி நேர இடைவெளி போதும். காலை உணவுக்குப் பதிலாகவே தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் கொள்ளும் விடுதி மாணவியர் இதனைக் கருத வேண்டும். அவர்களுக்குப் புரதமும் எட்டுவதில்லை. மயிர் என்பதே கெரட்டின் என்னும் புரதம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 46 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் 6 கிராமே உண்டு; ஆகவே பருப்பு, சுண்டல், மோர், மீன் என்று நாள் முழுதும் சிறிது சிறிதாகவே அதனை நிரப்ப முடியும்.

உண்டது செரித்து ஏற்கப்பட வேண்டும். இரும்பு ஏற்கப்படுவது பெரும்பாலும் சிறுகுடலின் முற்பகுதியில். அதற்கு இரைப்பையின் அமிலம் துணைபுரிகிறது. நெஞ்செரிவுக்கு என்று மருந்துக் கடையில் தாமே வாங்கி, ஆண்டுக்கணக்கில் அமிலக் குறைப்பு மாத்திரை விழுங்குவோருக்கு இரும்பும் வைட்டமின் பி12உம் குறைய வாய்ப்புண்டு. இரைப்பையில் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் என்னும் நுண்ணுயிரும் இரும்பைக் குறைக்கும். இதனைக் கண்டறிந்த பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவரும் 2005இல் நோபல் பரிசு பெற்றனர். வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்போரின் பாதத்தோலைத் துளைத்து நுழையும் கொக்கிப்புழு, குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சுகிறது. நாள்பட்ட வயிற்றுப்போக்கு, உப்புசம், ஓயாத நெஞ்செரிவு இவற்றோடு கூந்தலும் மெலியுமானால், முதலில் வயிற்றைக் கவனிக்கச் சொல்ல வேண்டும்.

மனக்கவலையால் மயிர் உதிரும் என்பது பாட்டி சொல் என்று நகைத்த காலம் உண்டு. 2021இல் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் எலிகளிடம் நடத்திய ஆய்வொன்றை வெளியிட்டனர். நெருக்கடியில் சுரக்கும் நீர், மயிர்க்காலை விழிக்கச் செய்யும் ஒரு பொருளை அடக்கிவிடுவதால், மயிர்க்கால் நெடுநாள் உறங்குகிறது என்று கண்டனர். மனிதருக்கும் அப்படியே பொருந்தும் என்று இன்னும் உறுதியாகக் கூற இயலாது. எனினும் வழி தெரிந்துள்ளது. கவலையை விட்டுவிடு என்று ஒருத்திக்கு அறிவுரை கூறுவது எளிது; பயனற்றது. ஏழு மணி நேர உறக்கம், மாலையில் அரைமணி நேர நடை, வீட்டு வேலையில் பங்கு கொள்ள ஒரு கை, மனம் விட்டுப் பேச ஒரு தோழி ஆகியவற்றுக்கு வீட்டார் இடம் செய்து கொடுப்பதே பயனுடையது. மயிர் கொட்டுகிறதே என்ற கவலையும் ஒரு கவலைதான். நாள்தோறும் சீப்பில் எண்ணிப் பார்ப்பதை நிறுத்துவதும் மருத்துவத்தின் பகுதியே.

முக்காடு இடுவதால் மயிர் உதிரும் என்று சிலர் கூறுவது சரியன்று. மயிர்க்காலுக்குக் காற்று குருதி வழியே வருகிறது. ஈரத்தலையை உலர்த்தாமல் இறுகக் கட்டி மூடுவதும், நெற்றியோரம் இழுத்துப் பின்னுவதும்தான் தீங்கு. எண்ணெயைப் பற்றியும் ஒரு சொல்: தேங்காய் எண்ணெய் மயிர்த்தண்டுக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கும் என்பது மெய், ஆனால் வேருக்கு உணவூட்டுவதில்லை. விளம்பரம் மிகுந்த பயோட்டின் மாத்திரையும் அத்தகையதே. அதன் குறைபாடு அரிது. அதனை மிகுதியாக உண்டால் தைராய்டு முதலிய குருதிச் சோதனைகளின் முடிவுகள் பிழைபடும்.

உணவால் மட்டும் தீராதவையும் உள. வகிடு ஆண்டுக்காண்டு அகன்று உச்சி வெளுப்பது பரம்பரை வகை. அதற்குத் தனி மருந்து உண்டு, காலம் தாழ்த்தாமல் தொடங்க வேண்டும். வட்டவட்டமாக விழும் புழுவெட்டு வேறு. தைராய்டுக் குறைவும், மாதவிலக்குத் தவறி முகத்தில் மயிர் வளரும் சினைப்பைக் கோளாறும் வேறு. ஆறு மாதம் கடந்தும் உதிர்வு நில்லாதவர் தோல் மருத்துவரைக் காண்பதே முறை.

இரும்பு மாத்திரை தரப்பட்டால் பால், தேநீர், சுண்ணாம்புச்சத்து மாத்திரை ஆகியவற்றோடு சேர்க்காமல் உண்ண வேண்டும். மலம் கறுத்தால் அஞ்ச வேண்டா. வயிறு ஒப்பவில்லையெனில் நிறுத்திவிடாமல், ஒருநாள் விட்டு ஒருநாள் உண்ணலாமா என்று மருத்துவரைக் கேட்கலாம். ஹீமோகுளோபின் உயர்ந்த பின்னும் களஞ்சியம் நிரம்பச் சில மாதங்கள் தொடர வேண்டும். மயிர் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்வது. முதலில் நெற்றியோரத்தில் விரற்கடை நீளத்தில் குறுமயிர்கள் எழுந்து நிற்கும். அவை சீப்புக்கு அடங்கா. தோள் வரை வர இரண்டு மூன்று ஆண்டுகள், இடை வரை வர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும்.