சோள அடையும் சத்துணவுப் போதனையும்

ஊர் மக்களுக்குச் சத்துணவைப் பற்றி எடுத்துரைக்கப் புகுவோர், அவர்தம் அடுப்பில் என்ன வேகிறது என்பதை முதலில் அறிந்திருத்தல் வேண்டும். அதனை அறியாது வகுத்த ஒரு திட்டத்தால் நேர்ந்த குறையையும், அது நீங்குவதற்கு ஆன நெடுங்காலத்தையும் இங்கே ஆராய்வோம். நிகழ்ந்த இடம் அமெரிக்க ஐக்கிய நாடுகள்.

மெக்ஸிகோ, குவாத்தமாலா முதலிய நாடுகளிலிருந்து அங்குக் குடியேறியோரும் அவர் வழித்தோன்றல்களும் லத்தீனோ மக்கள் எனப்படுவர். அவர்களுள் பலருக்கு மக்காச்சோளமே முதன்மைத் தானியம். சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுதும் ஊறவிட்டு, தோலைக் கழுவி நீக்கி அரைப்பர். அம்மாவை மெல்லிய அடையாகத் தட்டிச் சுட்டால் அதுவே டோர்ட்டில்லா.

சுண்ணாம்பு எதற்கு என்று பஞ்சாயத்து உறுப்பினர்கள் வினவலாம். தோல் எளிதில் கழல்வதற்கு மட்டுமன்று. சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நயாசின் என்னும் உயிர்ச்சத்தை உடல் ஏற்கும்படி விடுவிப்பதும் அதுவே. சோளத்தை ஏற்றுக்கொண்டு சுண்ணாம்பை விட்டுவிட்ட இத்தாலியிலும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென்மாநிலங்களிலும், ஏழை மக்கள் பெல்லக்ரா என்னும் நோயால் ஆயிரக்கணக்கில் மாண்டனர். பழைய சமையல் முறையை அறியாமை என்று தள்ளுவோர் இதனைச் சற்று எண்ணிப் பார்ப்பாராக!

இனி அத்திட்டத்துக்கு வருவோம். கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் பகுதி, கருவுற்ற முதல் நான்கு வாரங்களிலேயே மூடிக்கொள்கிறது. அப்போது தாயிடம் ஃபோலிக் அமிலம் குறைந்திருந்தால் குழந்தை தண்டுவடக் குறையுடன் பிறக்கக்கூடும். தான் கருவுற்றதைப் பெண் உணருமுன்பே அக்காலம் கழிந்துவிடும். ஆதலின் மாத்திரையை மட்டும் நம்பியிருத்தல் இயலாது. 1998-இல் செறிவூட்டிய கோதுமை மாவு முதலியவற்றில் இவ்வமிலத்தைக் கலத்தல் கட்டாயமாக்கப்பட்டது. நற்பணியே, குறையுடன் பிறப்போர் தொகையும் தணிந்தது. ஆயினும் டோர்ட்டில்லாவுக்குரிய சோளமாவு அவ்விதியில் இடம்பெறவில்லை. லத்தீனோ குடும்பங்களில் இக்குறை பிறரினும் மிகுதியாகவே இருந்து வந்தது.

சோளமாவில் கலப்பதற்கு அனுமதி கிடைத்தது 2016-இல். அதுவும் விரும்பினோர் கலக்கலாம் என்ற அளவிலேதான். சில தயாரிப்பாளரே கலந்தனர். பின்னர்க் கலிபோர்னியா மாநிலம் 2024-இல் சட்டம் இயற்றி, 2026 ஜனவரி முதல் அதனைக் கட்டாயமாக்கியது. கோதுமை உண்போர் வீட்டுக்கு 1998-இல் சென்ற சத்து, சோளம் உண்போர் வீட்டை நாடப் பிடித்த காலத்தைக் கணக்கிட்டுக் கொள்க.

தாய்மார்க்கும் குழந்தைகட்கும் அரசு அளிக்கும் துணையுணவுத் திட்டத்தில் 2009-இல் மாறுதல் செய்தபோது, முழுக்கோதுமை ரொட்டிக்குப் பதிலாகச் சோள டோர்ட்டில்லாவும் பெறலாம் என்றனர்.

வீடுகளில் அறிவுரை கூறும் பொறுப்பைப் பல இடங்களில் 'புரோமோத்தோரா' எனப்படும் உள்ளூர்ப் பெண்டிர் ஏற்றுள்ளனர். அவர்கள் அதே தெருவினர். ஸ்பானிய மொழியில் பேசுவோர். நீரிழிவு உள்ளவரிடம் டோர்ட்டில்லாவை அடியோடு விடுக என்று கூறினால் கதவு சாத்தப்படும் என்பதை அறிவர். ஆகவே எத்தனை உண்பது என்று பேசுவர். அவரையைப் பன்றிக் கொழுப்பில் வதக்காமல் வேகவைத்தே மசிக்கச் சொல்வர். வீட்டாருக்குப் பழக்கமான கள்ளி மடலைக் காய்கறியாகச் சேர்க்கச் சொல்வர். இளந்தாயிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்புவதில்லை. அடுப்படி பாட்டியாரின் ஆட்சியில் இருக்குமாயின், அவர் அருகில் அமர்ந்து, அவர் சமைக்கும் முறையை முதலில் கேட்டுக்கொள்வர்.