மலைக்கு முன்னால் மாடிப்படி

கோவையில் குடியிருப்பவர்களுக்கு மேற்கே திரும்பினால் மலைதான். வெள்ளியங்கிரியில் தொடங்கி, வால்பாறை, கொழுக்குமலை என்று எங்கள் வீட்டில் மலையேறும் கிறுக்கு வளர்ந்துவிட்டது. நான் பார்த்தவரை, மலையில் படும் அவஸ்தையில் முக்கால்வாசி வீட்டிலிருந்தே மூட்டை கட்டிக்கொண்டு போனதுதான். ஆகவே இந்தக் குறிப்புகளில் பெரும்பாலானவை கிளம்புவதற்கு முந்தைய இரண்டு வாரங்களுக்கானவை.

1. முதலில் அனுமதி. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். தெரிந்தவர் ஒருவர் குறுக்குவழி காட்டுகிறேன் என்றால் நம்பிப் போகவேண்டாம். 2018 மார்ச் 11 அன்று போடி அருகே குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில், மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கோடையில் காய்ந்த போதைப்புல் என்ற மலைப்புல் எரியும் வேகத்துக்கு யாராலும் ஓடமுடியாது. அதனால்தான் தீக்காலத்தில் பல தடங்களை மூடிவைக்கிறார்கள். 2024-இல் அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தை 40 தடங்களோடு தொடங்கியது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். அந்தந்த மலையைச் சேர்ந்த வழிகாட்டிகள் கூட வருவார்கள். முதல்முறை போகிறவர்கள் கௌரவம் பார்க்காமல் ‘எளிது’ என்பதையே எடுங்கள்.

2. இரண்டு வாரத்துக்கு முன்பிருந்தே மாடிப்படி ஏறி இறங்குங்கள். முதுகுப்பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு தினம் இருபது நிமிடம் போதும். லிஃப்டில் இறங்கி ஏமாற்றக்கூடாது. ஏறுவது மூச்சை வாங்கும், இறங்குவதுதான் முட்டியை வாங்கும். பழக்க வேண்டியது இறக்கத்தைத்தான்.

3. ஷூ விஷயத்தில் நாங்கள் பட்டதைச் சொல்கிறேன். பரணில் ஐந்து வருடம் பெட்டியோடு கிடந்த, இரண்டே முறை போட்ட ஷூவை என் கணவர் ஆசையாக எடுத்து மாட்டினார். பார்வைக்குப் புதுசு. மலையில் இரண்டாவது மணி நேரத்தில் ஒரு கால் அடிப்பாகம் வாயைப் பிளந்தது, அரைமணியில் அடுத்த காலும். இம்மாதிரி ஷூக்களின் நடு அடுக்கு பெரும்பாலும் பாலியூரிதேன் என்ற நுரைப்பொருள். சும்மா வைத்திருந்தாலே காற்றிலுள்ள ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைத்துவிடும். ஒருநாள் பிஸ்கட் மாதிரி உதிரும். என் துப்பட்டாவை இரண்டாகக் கிழித்துக் கட்டித்தான் அவரைக் கீழே கொண்டுவந்தோம். கிளம்புமுன் ஷூவை வளைத்து, அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். உதிர்ந்தால், விரிசல் தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். புதிதாக வாங்குவதானால் சாயங்காலம் கடைக்குப் போங்கள். பகலெல்லாம் நடந்து பாதம் சற்று வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் வீங்கும். வாங்கியதை ஒரு வாரமாவது தெருவில் போட்டு நடந்துவிட்டுத்தான் மலைக்குப் போகவேண்டும். அப்படியும் அடிப்பாகம் பிளந்தால் கட்ட, பையில் இரண்டு கெட்டி நாடா இருக்கட்டும்.

4. கால் நகத்தை மூன்று நாள் முன்னதாக வெட்டுங்கள். நீளமாக இருந்தால் இறக்கத்தில் ஷூவின் முனையில் இடித்து இடித்துக் கறுத்துப்போகும்; முந்தின ராத்திரி ஒட்ட வெட்டினால் சதை உரசும்.

5. சாக்ஸ் இரண்டு ஜோடி கூடுதலாக வேண்டும். குதிகாலில் ‘சூடாக இருக்கிறதே’ என்று தோன்றும்போதே உட்கார்ந்து பிளாஸ்திரி ஒட்டிவிடவேண்டும். கூட வருகிறவர்கள் காத்திருக்கிறார்களே என்று கூச்சப்பட்டு நடந்தால் பத்து நிமிடத்தில் கொப்புளம். வந்த கொப்புளத்தைக் குத்தி உடைக்காதீர்கள்.

6. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பநிலை சுமார் ஆறரை டிகிரி குறையும். தொட்டபெட்டா 2,637 மீட்டர். மேட்டுப்பாளையத்தில் வியர்த்து வழியும் நேரத்தில் அங்கே சுமார் பதினைந்து டிகிரி குறைவாக இருக்கும், காற்றும் சேர்ந்தால் பல் தந்தியடிக்கும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம்; நனைந்தால் கனக்கும், காயாது, குளிரை உடம்போடு ஒட்டிவைக்கும். தேங்காய்ப்பூத் துண்டுக்குப் பதில் ஈரிழைத் துண்டு. ராத்திரி மாற்ற ஒரு செட் உடையைத் தனியாகக் கட்டி வைத்து, என்ன ஆனாலும் பகலில் தொடாதீர்கள்.

7. ‘வாட்டர் ப்ரூஃப்’ என்று பையில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். பைக்குள்ளே ஒரு பெரிய, கெட்டியான பாலிதீன் உறையை விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் அடுக்கி வாயை முறுக்கிவிடுங்கள். கனமானவை முதுகை ஒட்டி, மழைச்சட்டை எல்லாவற்றுக்கும் மேலே. அடியில் வைத்துவிட்டு மழையில் நின்று பையைக் குடைகிறவர்கள் குழுவுக்கு ஒருவர் கட்டாயம் உண்டு.

8. சாப்பாட்டுக்குப் புளியோதரையை மிஞ்ச ஒன்றுமில்லை. தயிர்சாதம்தான் வேண்டுமென்றால் காய்ச்சி ஆறிய பாலை ஊற்றிப் பிசைந்து, ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் விடுங்கள். மதியம் பதமாகத் தோய்ந்திருக்கும், புளிக்காது. வாழை இலையைத் தணலில் வாட்டிக் கட்டினால் கிழியாது. நடக்கும்போது கொறிக்கக் கடலை உருண்டை, பேரீச்சை. சிப்ஸ் தாகத்தைத்தான் கூட்டும். தவிர, பளபள பாக்கெட் சரசரத்தால் குரங்கு எங்கிருந்தாலும் ஆஜர். எல்லாம் மஞ்சப்பையில் போகட்டும். மிச்ச சோற்றைக் ‘காட்டு மிருகம் சாப்பிடட்டுமே’ என்று கொட்டுவது புண்ணியம் இல்லை. அந்த ருசிக்குப் பழகிய பன்றியும் யானையும் அடுத்து வருகிறவர்களின் பையைத் தேடும்.

9. தண்ணீர், நடக்கும் மணிக்கு அரை லிட்டர் கணக்கு. மிகவும் வியர்த்துத் தலை சுற்றினால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு சமதள டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இந்த அளவில் பொட்டலம் கட்டி வைத்துக்கொண்டால் மேலே போய் அளக்கவேண்டாம். ‘உடம்புக்கு நல்லதுதானே’ என்று உப்பைக் கூட்டாதீர்கள்.

10. நேரக் கணக்கு: ஐந்து கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி, அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் சொன்ன கணக்கு இது. ஐந்து கிலோமீட்டரில் 1,200 மீட்டர் ஏற்றம் என்றால் மூன்று மணி. அது ஓயாமல் நடக்கிறவர்களுக்கு. செல்ஃபி, டீ, சித்தப்பாவின் மூட்டுவலி எல்லாம் சேர்ந்த நம் குழுவுக்கு அதை ஒன்றரையால் பெருக்குங்கள். பொழுது சாய இரண்டு மணி நேரம் இருக்கும்போதே அடிவாரத்துக்கு வந்துவிடும்படி திட்டம் போடவேண்டும். அப்படியும் ஆளுக்கொரு டார்ச் கட்டாயம். செல்போன் வெளிச்சம் டார்ச் ஆகாது.

11. கைத்தடியை வயதானவர்களின் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். வெள்ளியங்கிரி அடிவாரத்தில் பூண்டியில் மூங்கில் தடி விற்பார்கள், இளவட்டங்கள்கூட வாங்கிக்கொண்டுதான் ஏறுகிறார்கள். இறங்கும்போது தடியை முதலில் கீழ்ப்படியில் ஊன்றிவிட்டுக் காலை வையுங்கள். எட்டி எட்டி வைத்துக் குதித்து இறங்குகிறவர்களுக்கு மறுநாள் வீட்டுப் படி இறங்கக்கூட ஆள் பிடிக்கவேண்டும்.

12. அட்டை. வால்பாறை, நீலகிரிச் சோலைகளில் மழைக்காலத்தில் போனால் தப்பவே முடியாது. பழைய காடாத் துணியில் முழங்கால் வரை வரும் உறை தைத்து, மேலே நாடா கோத்து, சாக்ஸுக்கு மேல் போட்டு ஷூவுக்குள் செருகிக்கொள்ளுங்கள். நெருக்கமாக நெய்த துணியில் அட்டையால் கடிக்கமுடியாது. கடைத்தெருவில் விற்பதும் இதேதான், விலைதான் வேறு. உறைமேல் வேப்பெண்ணெயோ மூக்குப்பொடியோ தேய்க்கலாம். கடித்துக்கொண்டிருக்கும் அட்டைமேல் உப்பைக் கொட்டுவது, தீக்குச்சியால் சுடுவது இரண்டும் தவறு. குடித்ததை அது காயத்திலேயே கக்கும், சீழ் பிடிக்க வழியாகும். சின்ன முனைதான் வாய். அதன் அடியில் நகத்தை நுழைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் உறையாமலிருக்க அதன் எச்சிலில் ஹிருடின் என்ற பொருள் இருப்பதால் கொஞ்ச நேரம் ஒழுகத்தான் செய்யும். சுத்தத் துணியால் அழுத்திப் பிடியுங்கள். ரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அட்டைக் காலத்தில் போகாமலிருப்பதே உத்தமம்.

13. நிற்கிற இடத்தில் வெயிலடித்தாலும் மேலே எங்கோ பெய்த மழையில் காட்டாறு பெருகும். தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினாலோ உடனே மேட்டுக்கு ஏறுங்கள். 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளம் பக்தர்களின் உயிரையே குடித்தது. வற்றும்வரை காத்திருப்பதில் அவமானம் எதுவும் இல்லை.

14. சென்ட், வாசனை எண்ணெய், ஸ்பீக்கர் பாட்டு மூன்றும் வீட்டிலேயே இருக்கட்டும். மலைத்தேனீக்கு வாசனையும் புகையும் ஆகாது. யானை பக்கத்தில் இருந்தால் கிளை முறியும் சத்தம்தான் முதல் தகவல், பாட்டு போட்டால் அது எப்படிக் கேட்கும்?

15. பெண்களுக்கு: தேதி தள்ளியிருந்தாலும் நாப்கின் எடுத்துக்கொள்ளுங்கள். அலைச்சலில் முன்னதாக வருவது உண்டு. பயன்படுத்தியதைச் செய்தித்தாளில் சுற்றி, ஜிப் வைத்த உறையில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். புதைத்தால் பன்றி கிளறும். ஒதுங்கப் போகிறவர்கள், ஆணோ பெண்ணோ, ஓடையிலிருந்து நூறடியாவது தள்ளிப் போங்கள். ஆனால் தனியாகப் போகாதீர்கள்.

16. எந்தத் தடம், யார் யார், எத்தனை மணிக்குத் திரும்புவோம், வழிகாட்டியின் எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போங்கள். மேலே சிக்னல் இருக்காது. சிக்னலைத் தேடித் தேடியே போன் பேட்டரி தீரும் என்பதால் ஃப்ளைட் மோடில் போட்டு உள்பையில் வையுங்கள்.

17. திரும்பி வந்ததும் குளிக்குமுன் காது மடல், அக்குள், இடுப்புப் பட்டை இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நனைந்த ஷூவை அடுப்பருகே காயவைக்காதீர்கள், பசை விட்டுவிடும். ஷூவின் உள்பட்டையை உருவி, செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, ஈரம் ஏறியதும் மாற்றி மாற்றி வைத்தால் மறுநாளே காய்ந்துவிடும். காய்ந்த பிறகு பரணில் மட்டும் ஏற்றாதீர்கள். செருப்பு ஸ்டாண்டிலேயே இருக்கட்டும், வாரம் ஒருதரம் காய்கறி வாங்க மாட்டிக்கொண்டு போங்கள்.