சிறியதும் மலிவும்

சிரஞ்சீவி வைதேகிக்குப் பெரியப்பா ஆசீர்வாதம்.

கையிலும் அடங்கி, கையிலுள்ள பணத்திலும் அடங்கும்படி ஒரு ஸ்மார்ட்ஃபோன் கேட்டுக் கடைகடையாக ஏறி இறங்கினாய் என்றும், எங்கும் பலகை போன்ற போன்களையே எடுத்து வைத்தார்கள் என்றும், கேட்பவர்கள் இத்தனை பேர் இருக்க, செய்து கொடுப்பவர் ஒருவரும் இல்லாமற்போன காரணம் என்னவென்றும் எழுதியிருக்கிறாய். கம்பெனிகளின் சூழ்ச்சி என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் விஷயம் அதைவிட ரசமானது.

நீ ஒரே மூச்சில் இரண்டு வரங்களைக் கேட்கிறாய். பாத்திரக்கடையில் இவ்விரண்டும் சேர்ந்தே வரும். எவர்சில்வரை எடைபோட்டு விற்கிறபடியால், சிறிய தூக்கு பெரிய தூக்கைவிட மலிவாக இருந்தே தீரவேண்டும். போனின் விலையோ உலோகத்தின் எடையில் இல்லை. அதன் மூளையாகிய பிராசஸர், நினைவுச் சில்லு, கேமரா, செல்கோபுரத்தோடு பேசும் ரேடியோப் பாகங்கள் ஆகியவற்றின் கிரயம், அவற்றைச் சுற்றியுள்ள உடல் குட்டையாயிருந்தாலும் நெட்டையாயிருந்தாலும் ஒன்றே. உடலைச் சுருக்கினால் மிச்சமாவது சிறிது கண்ணாடியும் சிறிது பாட்டரியுமே. அதற்குப் பதிலாக, அவ்வளவு உறுப்புகளையும் நெருக்கி அடுக்குவதற்கும், அவை எழுப்பும் உஷ்ணத்தை வெளியேற்றுவதற்கும் எஞ்சினீயர்கள் படும் சிரமம் தனிச் செலவாகி வந்து சேரும். திரைகளும் ஒரே அளவில் லட்சக்கணக்காகச் செய்யும்போதுதான் மலிகின்றன. ஆகையால் மலிவான போன் செய்யப் புகுகிறவன், ஊரெல்லாம் வாங்கும் அளவையே தானும் வாங்கவேண்டிய நிர்ப்பந்தத்தில் இருக்கிறான்.

பாட்டரியின் கதையும் இதுதான். 2020-ல் ஆப்பிள் கம்பெனி ஒரே பிராசஸரை வைத்து ஐஃபோன் 12 என்றும் 12 மினி என்றும் இரண்டு செய்தது. முன்னதன் பாட்டரி 2,815 மில்லி ஆம்பியர்-மணி, பின்னது 2,227. வேலை ஒன்று, கட்டுச்சோறு மட்டும் குறைவு என்றால் சாயங்காலத்துக்குள் பசிப்பது இயற்கைதானே? சார்ஜ் நிற்பதில்லை என்பதே மினியைப் பற்றி எழுந்த பெரிய குறையாயிற்று.

சற்றுப் பின்னோக்கிப் பார். 2007-ல் வந்த முதல் ஐஃபோனின் திரை மூன்றரை அங்குலம். 2010-ல் ஆப்பிளின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் பத்திரிகைக்காரர்களிடம் பேசுகையில், கை சுற்றிப் பிடிக்க முடியாத பெரிய போன்களை யாரும் வாங்கப்போவதில்லை என்ற கருத்தில் பரிகாசம் செய்தார். மறு வருஷமே சாம்சங் 5.3 அங்குலத்தில் நோட் என்ற போனைக் கொண்டுவந்து, வாங்குகிறவர்கள் ஏராளம் என்று காட்டியது. 2012-ல் நான்கு அங்குலத்தோடு நின்ற ஆப்பிளும், 2014-ல் 4.7, 5.5 என்று இரண்டு அளவுகளில் இறங்கிவிட்டது. நான்குக்கும் ஐந்தரைக்கும் வித்தியாசம் ஒன்றரை அங்குலம்தானே என்று நினைக்காதே. அது மூலைக்கு மூலை அளந்த கணக்கு. இரண்டும் ஒரே வடிவ விகிதம் உடையவையாதலால், பரப்பளவு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடுகிறது.

அப்படியும் பழைய அளவை விரும்பியவர்கள் ஓய்ந்துவிடவில்லை. 2015-ஆம் வருஷத்தில் மட்டும் நான்கங்குலப் போன்கள் மூன்று கோடி விற்றன என்று மறு மார்ச்சில் ஆப்பிள் மேடையிலேயே அறிவித்து, ஐஃபோன் எஸ்.இ. என்பதை 399 டாலருக்கு வெளியிட்டார்கள். நீ கேட்கும் இரண்டு வரங்களும் ஒன்றாகக் கிடைத்த அபூர்வ சந்தர்ப்பம் அது. எப்படிச் சாத்தியமாயிற்று என்பதுதான் கவனிக்கவேண்டியது. உடல் 2013-ல் வந்த 5எஸ் போனுடையது. அச்சுகளும் தொழிற்சாலை ஏற்பாடுகளும் என்றைக்கோ முதல் எடுத்துவிட்டவை. அதற்குள் அப்போதைய புதுப் பிராசஸரை வைத்தார்கள். மலிவுக்குக் காரணம் அதன் சிறுமையன்று, பழமை. (அந்த மலிவும் அமெரிக்க மலிவே; நம் நாட்டில் அதை 39,000 ரூபாய் என்று அறிவித்தபோது, சிக்கனக்காரர் ஒருவரும் கடைப் பக்கம் ஓடவில்லை.)

நான்கு வருஷம் கழித்து மினி வந்தபோது, பழைய அச்சு ஒன்றும் உதவவில்லை, யாவும் புதிது. இந்தியாவில் 12-இன் விலை 79,900 என்றால் மினி 69,900. பத்தாயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க எண்ணியவனுக்கு அதைவிட மலிவான போன்கள் வேறு இருந்தன. எழுபதாயிரம் கொடுக்கத் துணிந்தவனோ இன்னும் பத்தைச் சேர்த்துப் பெரியதையே எடுத்தான். 13-லும் ஒரு மினியைச் செய்து பார்த்துவிட்டு, 2022-ல் அந்த இடத்தில் பிளஸ் என்ற பெரிய போனை வைத்தார்கள். ஆண்ட்ராய்டு பக்கத்தில் ஏஸுஸ் கம்பெனி 5.9 அங்குல ஸென்ஃபோன்களை 2021 முதல் மூன்று வருஷம் விடாமல் செய்து, 2024-ல் 6.78 அங்குலத்துக்குத் தாவியது. பெபிள் கைக்கடிகாரத்தைத் தோற்றுவித்த எரிக் மிகிகோவ்ஸ்கி 2022-ல் சிறிய ஆண்ட்ராய்டு போன் வேண்டுமென்று கையெழுத்து இயக்கமே நடத்தினார். கையெழுத்துகள் சேர்ந்தன, போன் வரவில்லை.

சிறிய போன் கேட்கிறவர்கள் பேசுவார்களேயன்றி வாங்கமாட்டார்கள் என்று வியாபாரிகள் சொல்லும் வழக்கம் இதனால் ஏற்பட்டது. அதில் பாதி நியாயம் உண்டு. மறுபாதி என்னவென்றால், சிறியது போதும் என்கிற ஸ்வபாவம் உடையவன் பெரும்பாலும் எதிலுமே போதும் என்கிறவன். வாங்கிய போனை உடையும் வரை வைத்திருப்பான். வருஷா வருஷம் மாற்றுகிறவன் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் ஐந்து முறை தோன்றும் காலத்தில் இவன் ஒரே முறை தோன்றுகிறான். விற்பனைத் தொகையை மட்டும் பார்த்து ஜனங்களின் அபிப்பிராயத்தை நிச்சயிக்கிறவனுக்கு இப்படிப்பட்டவன் கண்ணில் படுவதே இல்லை.

மலிவின் கதை நம் நாட்டில் வேறு விதமாக நடந்தது. மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை, 2014-ல் கூகுளின் சார்பில் டில்லியில் ஆண்ட்ராய்டு ஒன் போன்களை அறிமுகம் செய்தார். நாலரை அங்குலம், 6,399 ரூபாய். அதே வருஷம் ஃபயர்ஃபாக்ஸ் மென்பொருளில் ஓடும் மூன்றரை அங்குலப் போன் ஒன்று 1,999 ரூபாய்க்கே வந்தது. நீ கேட்கிற இரண்டும் அதில் இருந்தன. ஆனால் நினைவகம் 128 எம்.பி. மட்டுமே ஆகையால், எதைத் தொட்டாலும் தயங்கித் தயங்கித் திறந்தது. சிறியதும் மலிவானதும் என்றால் மட்டமானது என்ற எண்ணம் ஜனங்கள் மனத்தில் ஊன்றியதற்கு இத்தகைய போன்களும் ஒரு காரணம்.

ஏழை பெரிய திரையை வாங்குவதைப் பகட்டு என்று சிலர் ஏசுகிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. வசதியுள்ளவன் வீட்டில் டெலிவிஷன் ஒன்று, லேப்டாப் ஒன்று, டாப்லெட் ஒன்று. அவனுக்குப் போன் நாலாவது திரை, சிறியதாயிருந்தால் சௌகரியம். சித்தாள் வேலைக்குப் போகிறவளின் வீட்டிலோ அதுவே சினிமாக் கொட்டகை, அதுவே பாங்கு, கொரோனாக் காலத்தில் அதுவே பள்ளிக்கூடமாகவும் இருந்தது. இரண்டு பிள்ளைகள் தலையோடு தலை முட்டிக்கொண்டு ஆறரை அங்குலத்தில் கரும்பலகையைப் பார்த்தன. அவளிடம் போய்ச் சிறியதே அழகு என்று உபதேசிப்பவனுக்கு அவள் வீட்டு நிலவரம் தெரியாது.

ஆனால் உன் கட்சிக்கும் வலுவான சாட்சி உண்டு. ஸ்டீவன் ஹூபர் என்பவர் 2013-ல் பொது இடங்களில் போனைக் கையாண்ட 1,333 பேரைக் கவனித்ததில், திரையைத் தொட்டுக்கொண்டிருந்தவர்களில் 49 சதவீதம் பேர் ஒற்றைக் கையாலேயே இயக்கினார்கள். கூட்டமான பஸ்ஸில் ஒரு கை கம்பியில் இருக்க மறு கையால் டிக்கெட்டுக்குப் பணம் அனுப்பும் பெண்ணுக்கு, கட்டைவிரல் எட்டாத திரையின் மேல்மூலை இருந்தும் இல்லாததே. பெண்களின் கை சராசரியாக ஆண்களின் கையைவிடச் சிறியது. அவர்கள் உடுப்பிலோ பாக்கெட் என்பது அநேகமாகக் கிடையாது. கரோலின் கிரியாடோ பெரஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி, ஆண்களின் அளவையே மனிதப் பிரமாணமாகக் கொண்டு சாதனங்கள் செய்யப்படுவதைக் கண்டித்து எழுதியவர். போன்களின் அளவும் அவர் குற்றச்சாட்டுகளில் ஒன்று.

இனி நீ செய்யவேண்டியது. கடையில் அங்குலக் கணக்கைக் கேட்காமல், அகலம் எத்தனை மில்லிமீட்டர் என்று கேள். கைக்குள் அடங்குவதும் அடங்காததும் அகலத்தினால்தான். 4.7 அங்குலத் திரையுள்ள 2020-ஆம் வருஷத்து எஸ்.இ.யின் அகலம் 67.3, 5.4 அங்குலமுள்ள மினியோ 64.2. ஓரப் பட்டைகளைக் குறைத்துத் திரையை நீட்டியதால் வந்த அனுகூலம் அது. முதல் எஸ்.இ. 58.6, எடை 113 கிராம்; அப்படி ஒன்று இனி புதிதாகக் கிடைக்காது.

பழைய போன் வாங்கும் யோசனை உனக்கு இருப்பதாகத் தெரிகிறது, தவறில்லை. பாட்டரியை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மென்பொருளுக்கு ஆயுள் உண்டு. முதல் எஸ்.இ.க்கு 2021-ல் வந்த ஐ.ஓ.எஸ். 15 வரை கொடுத்தார்கள். 2022-ல் வந்த 16 அதற்கு இல்லை. உடம்பில் ஒரு கீறலில்லாத போனிலும் பாங்கு செயலி திறக்க மறுக்கக்கூடும். ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் முதல், விற்பனை நின்றபின் ஐந்து வருஷமாவது மென்பொருள் கொடுக்கவேண்டும் என்று விதி வந்திருக்கிறது. ஆகையால் பணம் கொடுக்குமுன் அந்த மாடலுக்கு எந்த வருஷம் வரை மென்பொருள் வரும் என்று விசாரித்து, உன் பாங்கு செயலியைக் கடையிலேயே இறக்கித் திறந்து பார்.

அப்பாவுக்கு என் அன்பைச் சொல். முடிவு செய்ததும் எழுது.

இப்படிக்கு,
உன் பெரியப்பா