திரும்ப நிரப்ப முடியாத பாட்டில் மூடி செய்வது எப்படி?

“யாராலும் மறுபடி நிரப்ப முடியாத மூடி ஒன்று வரைந்திருக்கிறேன் சார்” என்று வருகிறவர்களில் பாதிப் பேர் கொண்டுவருவது வேறு சாமான். முதல் தடவை திருகியதும் அடி வளையம் அறுந்து தனியே நிற்கும் மூடி அது. பாட்டில் திறக்கப்பட்டுவிட்டது என்று அது சொல்லும், நிரப்புவதைத் தடுக்காது. மதுப் பாட்டிலில் இருக்கும் அலுமினிய மூடியும் அந்த வகைதான். காலி பாட்டிலில் மட்டச் சரக்கை ஊற்றி, புது அலுமினியக் கூடு ஒன்றைக் கழுத்தில் வைத்து உருட்டிவிட்டால், வாங்குகிறவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஆகவே தடுப்பு மூடியில் இருந்து பயனில்லை. பாட்டிலின் கழுத்துக்குள் இருக்க வேண்டும். முதலாளி ஒருமுறை நிரப்பிய பிறகு அழுத்திப் பொருத்தியது, அப்புறம் வெளியே வரக்கூடாது. இந்தக் கட்டுரை அந்த உள்மூடியைப் பற்றியது.

பேப்பரில் கோடு போடும் முன் மூன்று விஷயங்களை முடிவு செய்துகொள்ளுங்கள்.

எந்தத் திரவம்? சாராயம், ஃபீனாயில், பூச்சிமருந்து போல நீர்த்தது என்றால் வேலை சுலபம். நல்லெண்ணெய், ஆலிவ் எண்ணெய் கொஞ்சம் மெதுவாக இறங்கும், ஆனாலும் முடியும். ஸ்பெயினில் 2014 முதல் உணவக மேசைக்கு வரும் ஆலிவ் எண்ணெய் பாட்டிலுக்கு இப்படிப்பட்ட மூடி சட்டப்படி கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் அதே விதியைக் கொண்டுவரப் பார்த்து, 2013 மே மாதத்தில் எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டார்கள். தேனுக்கு மட்டும் இந்த வழி வேண்டாம். வால்வு தேனில் ஒட்டிக்கொண்டு நிற்கும். தேன்காரர்கள் சின்னப் பாட்டிலுக்கும் நல்ல சீலுக்கும் போய்விடுவதே மேல்.

எந்தப் பாட்டில்? கண்ணாடி. பெட் பாட்டிலில் இதைச் செய்து தரச் சொல்கிறவர்களுக்கு நான் முடியாது என்றுதான் சொல்வேன். பாட்டிலை நசுக்கிக் கவிழ்த்து, வாயைத் திரவத்தில் முக்கி, கையை விட்டால் போதும். பாட்டில் தானே உறிஞ்சிக்கொள்ளும். சுவர் நெளிகிற பாட்டிலே ஒரு பம்ப்.

பாட்டில் திரும்பி வர வேண்டுமா? இதை யாரும் யோசிப்பதே இல்லை. நீலகிரியில் 2022-இல் டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் தந்தால் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. அப்படித் திரும்பும் பாட்டிலைக் கழுவி மறுபடி நிரப்பலாம் என்று கணக்குப் போட்டிருந்தால், நீங்கள் செய்யும் உள்மூடி திருடனைத் தடுப்பது போலவே நேர்மையான கம்பெனியையும் தடுக்கும். உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அந்தச் செலவைக் கணக்கில் சேர்த்துவிட்டு மேலே போங்கள்.

இனி வால்வு. எல்லாரும் தடுக்கி விழும் இடம் இதுதான்.

பாட்டிலிலிருந்து திரவம் வெளியே வர வேண்டுமென்றால் காற்று உள்ளே போயாக வேண்டும். காற்று போகும் வழி இருந்தால் அதே வழியில் திரவமும் போகலாம். ஆக நம் வால்வு ‘உள்ளே போகாதே’ என்று பொதுவாகச் சொல்ல முடியாது. காற்றை விட்டுவிட்டுத் திரவத்தை மட்டும் நிறுத்த வேண்டும். சாமானியமான ஒருவழி வால்வை வாங்கி வைத்துவிட்டு, ஏன் ஊற்றவே மாட்டேன் என்கிறது என்று கேட்கிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வெளியே போன திரவத்துக்கு ஈடாகக் காற்று வராவிட்டால், உள்ளே அழுத்தம் குறைந்து ஊற்று நின்றுவிடும்.

கோலி சோடாவை நினைத்துப் பாருங்கள். 1872-இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற பாட்டில் அது. உள்ளிருக்கும் கேஸ் கோலியை மேலே தள்ளி ரப்பர் வளையத்தில் அழுத்துகிறது. அங்கே கோலி உள்ளே இருப்பதை வெளியே விடாமல் காக்கிறது. யார் வேண்டுமானாலும் மறுபடி நிரப்பலாம். நமக்கு வேண்டியது அதன் தலைகீழ்: வால்வுக்கு மேலே கோலி, தன் எடையால் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். பாட்டில் நிமிர்ந்திருக்கையில் மூடியிருக்கும். கவிழ்த்தால் கோலி நகர்ந்து வழிவிடும்.

இதைக் கேட்டதும் கோலியையே நேராகத் துளைமேல் உட்கார வைத்துவிடுவார்கள். போதாது. பாட்டிலைப் படுக்க வைத்தால் கோலி ஓரமாகச் சரிந்து, மேல்பக்கம் பிறை வடிவில் இடைவெளி விழும். படுத்த பாட்டிலில் டியூப் வைத்து நிரப்ப அந்த இடைவெளி தாராளம். அதனால் கோலிக்கும் துளைக்கும் நடுவே மெல்லிய வால்வுத் தட்டு ஒன்று வேண்டும். அது சாய்ந்துவிடாமல் நேராக ஏறி இறங்க, அடியில் ஒரு தண்டு. கோலி தட்டை அழுத்தும், தட்டு துளையை மூடும்.

தட்டும் கோலியும் ஒட்டாமல் தனித்தனியே இருப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தால் இரண்டும் விலகி வழி திறக்கும். அந்த நிலையில் ஒருவன் உள்ளே திரவத்தை ஏற்றப் பார்த்தால், வேகமாக வரும் திரவம் லேசான தட்டைத் தூக்கிக்கொண்டுபோய்த் துளையில் அடைத்துவிடும். காற்று வந்தால் அடைக்காது. ஏனென்றால் சாராயத்தின் அடர்த்தி காற்றைவிடச் சுமார் 800 மடங்கு. காற்று தட்டைச் சுற்றி நழுவிப் போய்விடும். வால்வு எடையை வைத்தே ஆள் அடையாளம் பார்க்கிறது. கோலியோடு தட்டைச் சேர்த்து ஒரே துண்டாக வார்த்தால் அச்சுச் செலவு மிச்சம்தான். ஆனால் திரவத்தால் அந்தக் கனத்தைத் தூக்க முடியாது, காவல் போய்விடும்.

அடுத்தது கோலி உருளும் குழல். இதன் சுவர் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்பதை டிராயிங்கில் நான் முதலில் பார்ப்பேன். வாய்ப்பக்கம் விரிந்து போகும் குழலில், பாட்டில் படுக்கும் முன்பே கோலி ஓடிவிடும். வாய்ப்பக்கம் குறுகும் குழலில், படுத்த பிறகும் கோலி வால்வை நோக்கியே உருளும். கணக்கு எளிது. சுவர் அச்சுக்கோட்டிலிருந்து 12 டிகிரி உள்நோக்கிச் சாய்ந்தால், நிமிர்ந்த நிலையிலிருந்து 90-உடன் 12 சேர்த்து, 102 டிகிரி சாய்த்த பிறகே கோலி நகரும். படுக்க வைத்து நிரப்பும் தந்திரம் அதோடு முடிந்தது. 20 டிகிரிக்கு மேல் போகாதீர்கள். வாங்கினவர் பாட்டிலை உதறி உதறி ஊற்ற வேண்டியிருக்கும், அதற்கான திட்டு கம்பெனிக்கு வந்து சேரும்.

கோலியைக் கண்ணாடியில்தான் போட வேண்டும். இதில் பேரம் கிடையாது. பாலிப்ரொப்பிலீன் உருண்டையின் அடர்த்தி 0.9, எண்ணெயிலேயே மிதக்கும். 42.8 சதவீதச் சாராயத்தின் அடர்த்தி 0.95-ஐ ஒட்டியது, பாலிஎத்திலீன் உருண்டையும் ஏறக்குறைய அதேதான். எடையே இல்லாதது போல் நிற்கும். மேலே ஊற்றுகிற திரவமே உருண்டையைத் தூக்கி வால்வைத் திறந்துவிடும். எஃகு கனம்தான். ஆனால் வெளியிலிருந்து ஒரு நல்ல காந்தத்தைக் காட்டினால் மேலே வந்துவிடும். கண்ணாடியின் அடர்த்தி 2.5, துருப்பிடிக்காது, வாசனை ஏறாது, காந்தத்துக்கு மசியாது.

கோலிக்கு மேலே ஒரு குடை போன்ற தடுப்பு. வெளியிலிருந்து நேர்க்கம்பி எந்தக் கோணத்தில் நுழைத்தாலும் தட்டைத் தொடக்கூடாது, அவ்வளவுதான் விதி. திரவம் இரண்டு முறை வளைந்து வந்தால் போதும். துளைகளை ரொம்பச் சின்னதாக்கிவிடாதீர்கள். 3, 4 மில்லிமீட்டர் அகலமுள்ள துளையில் தண்ணீர் கவிழ்த்தாலும் தொங்கிக்கொண்டு நிற்கும்; காற்றும் திரவமும் ஒரே துளையில் முட்டிக்கொள்ளும். பல சின்னத் துளைகளைவிடச் சில அகலத் துளைகள் நல்லது. ‘களக் களக்’ என்று விட்டு விட்டு ஊற்றினால் பரவாயில்லை. சிலர் அந்தச் சத்தத்தை விரும்பவும் செய்கிறார்கள்.

வால்வு எவ்வளவு நன்றாக இருந்தாலும் உள்மூடியே கழன்று வந்தால் என்ன பயன்? அதனால் பொருத்தும் பல்லுக்கு வால்வுக்குத் தரும் அளவு கவனம் தேவை. கழுத்தின் வெளிப்புற விளிம்புக்குக் கீழே போய்க் கொக்கி போடும் பற்களைத்தான் நான் நம்புவேன். கழுத்தின் உட்சுவரை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பதை நம்ப மாட்டேன். கண்ணாடிக் கழுத்தின் உள்ளளவு பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். உங்களுக்குப் பாட்டில் தரும் தொழிற்சாலையின் வரைபடத்தை வாங்கிவைத்துக்கொண்டு, அதில் உள்ள மிகச் சின்ன கழுத்துக்கும் மிகப் பெரிய கழுத்துக்கும் பற்கள் பிடிக்கிறதா என்று பாருங்கள். நடு அளவுக்கு மட்டும் பார்த்துவிட்டு அச்சு வெட்டாதீர்கள்.

பற்கள் பலமாக இருப்பது ஒரு பக்கம். எங்கே உடைய வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்வது இன்னொரு பக்கம். நடுவில் மெல்லிய பாலங்கள் சிலவற்றை விட்டுவையுங்கள். இடுக்கி போட்டு இழுத்தால் மேல்பாதி கிழிந்து வரட்டும், கீழ்பாதி கழுத்திலேயே மாட்டிக்கொண்டு அசிங்கமாகத் தெரியட்டும். முழுசாகக் கழன்று வருவதைவிட இது எவ்வளவோ மேல்.

பிளாஸ்டிக் தேர்வில் வெந்நீரை நினைவில் வையுங்கள். கழற்ற நினைக்கிறவன் முதலில் செய்வது பாட்டில் கழுத்தை வெந்நீரில் முக்குவதுதான். மென்மையான பாலிஎத்திலீன் பற்கள் அந்தச் சூட்டில் வளைந்து கொடுக்கும். அதை வால்வுத் தட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பற்கள் உள்ள பாகத்துக்கு விறைப்பான பிளாஸ்டிக்குக்குப் போங்கள். அக்ரிலிக் சாராயத்தில் விரிசல் விடும், பாலிஸ்டைரீன் எண்ணெயில் விரிசல் விடும், இரண்டையும் தள்ளிவையுங்கள். உணவுப் பொருளுக்கு என்றால் பாலிஎத்திலீனுக்கு ஐ.எஸ். 10146, பாலிப்ரொப்பிலீனுக்கு ஐ.எஸ். 10910 என்ற இந்தியத் தர எண்கள் இருக்கின்றன. சப்ளையரிடம் அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

மாதிரியை முப்பரிமாணப் பிரிண்டரில் எடுக்கலாம். குழலின் சாய்வையும் கோலியின் ஓட்டத்தையும் பார்க்க அது போதும். பற்களை அதில் சோதிக்காதீர்கள். பிரிண்டர் பிசினுக்கும் வார்த்த பிளாஸ்டிக்குக்கும் வளையும் குணம் வேறு. பற்களுக்கு ஒற்றைக் குழி அலுமினிய அச்சு ஒன்று போட்டுத்தான் ஆக வேண்டும்.

இனி உடைத்துப் பாருங்கள். நீங்களே உடைக்காதீர்கள், வரைந்தவருக்குத் தன் மூடிமேல் பாசம் இருக்கும். பழைய பாட்டில் வாங்கி விற்கிறவர் ஒருவரைக் கூப்பிட்டு, நிரப்பிக் காட்டினால் பணம் தருவதாகச் சொல்லுங்கள். ஊசி, கம்பி, காந்தம், வெந்நீர், உறிஞ்சும் பம்ப் எல்லாவற்றையும் கையில் கொடுங்கள். அவர் வெந்நீரைக் கழற்ற மட்டும் பயன்படுத்த மாட்டார். 750 மில்லி காலி பாட்டிலை 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கினால் சுமார் 100 மில்லி காற்று வெளியேறும். அப்படியே கவிழ்த்துத் திரவத்தில் வைத்து ஆறவிட்டால், மெதுவாக அவ்வளவு திரவம் உள்ளே ஏறும். மெதுவாக ஏறுவதால் தட்டு தூக்கப்படாது. இதை முழுதாகத் தடுக்க எனக்குத் தெரிந்து மலிவான வழி கிடையாது. தடுக்கவும் வேண்டாம். ஒரு பாட்டிலை நிரப்ப அவர் திரும்பத் திரும்பச் சூடாக்கி ஆற்ற வேண்டும். எரிபொருளும் கூலியும் சரக்கின் லாபத்தைத் தின்றுவிடும். பாட்டிலின் அடியில் ஓட்டை போட்டு நிரப்பி அடைப்பவர்களும் உண்டு. அது கழுத்து மூடி பார்த்துக்கொள்ளும் விவகாரமல்ல. உங்கள் அளவுகோல் ஒன்றே: ஒரு பாட்டிலை நிரப்பும் செலவு, போலிச் சரக்கில் கிடைக்கும் லாபத்தைத் தாண்டுகிறதா? தாண்டினால் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் சேர்க்கும் ஒவ்வொரு பாகமும் உங்கள் பையிலிருந்துதான் போகும்.

பாட்டிலிங் லைனில் உள்மூடி ஒரே அழுத்தில் உட்கார வேண்டும். இரண்டாவது முறை அழுத்த வேண்டியிருந்தால் கம்பெனிக்காரர் வாங்க மாட்டார்.

கடைசியாக, உடைத்துப் பார்க்க வெளி ஆளைக் கூப்பிடும் முன்பே காப்புரிமைக்கு ஒரு தற்காலிக விண்ணப்பம் போட்டுவிடுங்கள். இந்தியச் சட்டப்படி அதற்குப் பின் 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம் தர வேண்டும். சோதனைகளை முடிக்க அந்த அவகாசம் போதும். விண்ணப்பிக்காமல் கண்காட்சியில் மாதிரியை விநியோகித்துவிட்டால் புதுமை என்று கோர முடியாமல் போகலாம். விண்ணப்பத்தில் கோலியையும் தட்டையும் பற்றி மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். குழலின் சாய்வையும் உடையும் பாலங்களையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். போட்டிக்காரர் முதலில் காப்பியடிப்பது அவற்றைத்தான்.